மதகடியில் இரண்டு தடவை

வீட்டுக்காரர் வருவார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன், பல்பு வந்தது. ஏமாந்தவர்களைப் பார்த்து "பல்பு வாங்கிட்டியா?" என்று பிள்ளைகள் கேலி பண்ணுமே, அதை நான் நிஜமாகவே இரண்டு கையாலும் வாங்கினேன். ஒரு அட்டைப்பெட்டி. உள்ளே இரண்டு நீளப் பல்பு, சோப்பு டப்பா அளவில் இரண்டு உலோகப் பெட்டி, சுருட்டிக் கட்டிய வயர்கள்.

கொண்டுவந்தவர் குணசேகரன். நன்னிலத்துக்காரர். மஸ்கட்டில் என் வீட்டுக்காரரோடு தண்ணீர் லாரி ஓட்டுகிறவர். லீவில் வந்த மனிதர், இரண்டு பஸ் மாறி எங்கள் ஊர்வரை வந்து கொடுத்தார்.

"ஹெச்.ஐ.டி. லைட்டு அண்ணி. போட்டா பகல் மாதிரி அடிக்கும். நீங்க ஆத்தங்கரையில வரப் பயப்படுறீங்கன்னு சொன்னதுலேர்ந்து அண்ணனுக்கு மனசே சரியில்ல. கடை கடையா ஏறி எறங்கி வாங்குனாரு" என்றார்.

அவர்மேல் கோபப்பட முடியுமா? காபி கொடுத்து, ஒரு தலைவாழை இலைக்கட்டும் கொடுத்து அனுப்பினேன். அவர் தலை மறைந்ததும் பெட்டியைத் தூக்கி மாதா படத்துக்குக் கீழே வைத்தேன். "கேட்டது என்ன, கொடுத்தது என்ன? நீயே பாரு" என்று மாதாவிடம் சண்டை போட்டேன். பூண்டி மாதாவுக்கு என் சண்டை புதிதில்லை.

என் பெயர் பாத்திமா மேரி. திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில் குடமுருட்டி ஆற்றங்கரையோரம் எங்கள் ஊர். கொஞ்சம் நெல், கொஞ்சம் வாழை. வாழையில் எங்களுக்குக் காயைவிட இலைதான் சோறு போடுகிறது. காலையில் இலை அறுத்து, மத்தியானத்துக்குள் கட்டுப் போட்டு, சாயங்காலம் தஞ்சாவூரில் சென்னை பஸ்ஸில் ஏற்றிவிட வேண்டும். அதற்காகத்தான் என் வீட்டுக்காரர் அருள்சாமி பழைய பிக்கப் வண்டி ஒன்றை வாங்கினார். மகள் திருச்சியில் நர்ஸிங் சேர்ந்தபோது இலை வருமானம் எட்டவில்லை. அவர் மஸ்கட்டுக்குப் போனார். வண்டி வீட்டில் நின்றது. நிற்கிற வண்டியைப் பார்த்து அழுவதைவிட ஓட்டுவது மேல் என்று நானே கற்றுக்கொண்டேன். "மேரி லாரி ஓட்டுது, ஓரமா போங்க" என்று ஊரே சிரித்தது. இப்போது அவர்களுடைய இலைக்கட்டும் என் வண்டியில்தான் போகிறது.

லைட் விஷயத்துக்கு வருகிறேன். பிக்கப்பின் இடதுபக்க ஹெட்லைட் மங்கல். தூங்கி விழுகிற கண் மாதிரி மஞ்சளாய் எரியும். ஐப்பசி மழையில் கரை ரோட்டில் வரும்போது ஓரம் எது, ஆறு எது என்று தெரியாது. அவர் ஒருநாள் வீடியோ காலில் இருந்தபோது சொன்னேன்: "லைட்டு மங்கிக்கிட்டே போவுதுங்க. இருட்டுல தனியா கரையில வர பயமா இருக்கு."

இதில் எந்தச் சொல்லை ஒரு புருஷன் கேட்க வேண்டும்? "தனியா" என்பதைத்தானே? அவர் "லைட்டு" என்பதைக் கேட்டார். "சரி மேரி, நான் பாத்துக்கறேன்" என்று கனிந்த குரலில் சொன்னார். நான் அதை நம்பி, வந்துவிடுவார் என்று, கொல்லையில் நின்ற சேவலைக்கூட விற்காமல் வைத்திருந்தேன்.

இன்னொன்றும் இருக்கிறது. அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் கம்பெனியில் இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள் என்று சொல்லியிருந்தார். "என்ன பண்ணட்டும் மேரி?" என்றார். நான் "உங்க இஷ்டம்" என்றேன். எங்கள் பக்கத்தில் ஒரு பெண்டாட்டி "உங்க இஷ்டம்" என்றால் அதற்கு "கூடவே கூடாது" என்று பொருள். கல்யாணமாகி ஒரு வருஷம் ஆன எந்த ஆம்பளைக்கும் இது தெரியும். அவருக்கும் தெரிந்துதான் இருந்தது. அந்த ஊர் வெயிலில் மறந்துவிட்டது போல.

நேராக "வந்துடுங்க" என்று சொல்லியிருக்கலாம், இல்லையா? சொல்லியிருக்கலாம்தான். எனக்கு வரவில்லை. தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவதே என் வழக்கம். கேட்டு வாங்குவது பாசமா, கேட்காமல் வர வேண்டாமா என்று ஒரு வீம்பு. அந்த வீம்புக்குக் கிடைத்த கூலிதான் மாதா படத்தடியில் இருந்த பெட்டி. மனிதர் வரப்போவதில்லை, அதற்குப் பதிலாக நான் தனியாகவே ஓட்டிக்கொள்ள வெளிச்சம் அனுப்பியிருக்கிறார். அப்படித்தான் எனக்குப் பட்டது.

ஒரு வாரம் பெட்டியைத் தொடவில்லை. தினமும் அவர் கேட்டார், "மாட்டியாச்சா?" தினமும் நான் மழையைச் சாக்குச் சொன்னேன். கடைசியில் ஒருநாள் கோபத்தோடேயே பெட்டியை வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு பூதலூர் ரோட்டில் அமிர்தலிங்கம் அண்ணன் கடைக்குப் போனேன். அன்றைக்கு முகூர்த்தம் இல்லாததால் இலைக்கு ஆர்டர் இல்லை. வானம் மூடிக் கிடந்தது.

அமிர்தலிங்கம் அண்ணன் வண்டிகளுக்கு வயரிங் பார்ப்பவர். என் வீட்டுக்காரருக்குப் பழக்கம். பெட்டியைப் பிரித்ததும் முகத்தைச் சுளித்தார்.

"இதுவா? எதிர்ல வர்றவன் கண்ணைப் புடுங்குற லைட்டுல்ல தங்கச்சி இது. அருளு எதுக்கு இத அனுப்புனான்?"

"என்கிட்ட கேட்டா? அனுப்பிட்டாரு. மாட்டுங்க."

"நெறம் ஆறாயிரம்னு போட்ருக்கு. சுத்த வெள்ளை. மழையில மஞ்சள்தான் எடுக்கும், வெள்ளை எடுக்காது."

"மாட்டுங்கண்ணே."

என் குரலைக் கேட்டதும் அண்ணன் எழுந்தார். பானெட்டைத் தூக்கிக் கம்பி கொடுத்து நிறுத்தினார். குனிந்து பார்த்தவர் அப்படியே சிரிக்க ஆரம்பித்தார்.

"இங்க வந்து பாரு, உன் வீட்டுக்காரன் வேலைய. வயரு தொங்காம இருக்க எதால கட்டியிருக்கான் பாத்தியா?"

எட்டிப் பார்த்தேன். ஹெட்லைட்டுக்குப் போகிற வயர்க்கொத்தை வாழைநாரால் கட்டியிருந்தார். இலைக்கட்டுக்குப் போடுகிற அதே முடிச்சு. இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியை உள்ளே கொடுத்து இழுப்பது. நார் காய்ந்து கறுத்து, எண்ணெய் குடித்து, தோல் வார் மாதிரி ஆகியிருந்தது. முடிச்சு மட்டும் நெகிழவில்லை.

அந்த முடிச்சை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான், கல்யாணமான புதிதில், என் விரலைத் தன் விரலால் பிடித்து. இத்தனை நாள் இந்த வண்டியை ஓட்டியிருக்கிறேன். என் முழங்காலுக்கு முன்னால், ஒரு தகரத்துக்கு அந்தப் பக்கம், அவர் கை போட்ட முடிச்சு என்னோடு தஞ்சாவூருக்கும் வீட்டுக்கும் போய்வந்துகொண்டிருந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை.

அண்ணன் பிளேடை எடுத்தார். "அறுத்துட்டு பிளாஸ்டிக் டேக் போட்டுக் கட்டிடறேன்."

"அறுக்காதீங்க!"

நான் போட்ட சத்தத்தில் பக்கத்து டீக்கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"நார்தானேம்மா."

"நார்தான். இருக்கட்டும். புது வயரை வேற பக்கமா எடுத்துட்டுப் போங்க."

அவர் என்னை ஒருமாதிரி பார்த்துவிட்டு பிளேடை மடக்கினார். அதற்குப் பிறகு அந்த மனிதர் என்னிடம் குரலைத் தாழ்த்தித்தான் பேசினார்.

பழைய பல்பைக் கழற்றுவதற்கு முன்னால் ஒரு சோதனை போட்டார். இடது லைட்டின் எர்த் வயர் பாடியில் முடுக்கியிருந்த போல்ட்டைக் கழற்றிக் காட்டினார். துரு பொருக்குப் பொருக்காக ஏறியிருந்தது. உப்புத்தாளால் அந்த இடத்தை இரும்பு மின்னும்வரை சுரண்டி, போல்ட்டைத் திரும்ப முடுக்கி, லைட்டைப் போடச் சொன்னார். இடது கண் பளிச்சென்று விழித்துக்கொண்டது. வலதுக்கும் இடதுக்கும் வித்தியாசமே இல்லை.

"பாத்தியா? பல்புல ஒரு கொறையும் இல்ல. எர்த்துதான் சரியா ஒக்காரல. கையில வெண்ணெய வச்சுக்கிட்டு நெய்க்கு அலைஞ்சிருக்கீங்க ரெண்டு பேரும். இப்ப சொல்லு, இத மாட்டணுமா?"

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஒரு போல்ட்டு. அதற்காகக் கடல் தாண்டி ஒரு பெட்டி. வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த ஆள் அங்கே வெயிலில் கடை கடையாக ஏறி இறங்கியதை நினைத்தேன். கோபம் இருந்தது, அவர் வாங்கியதைத் திருப்பி மூலையில் போடவும் மனசு இல்லை.

"மாட்டுங்கண்ணே. அவரு கேப்பாரு."

வேலை சாயங்காலம்வரை இழுத்தது. புது பல்பைக் கையால் தொடாமல் துணியால் பிடித்து உள்ளே விட்டார். அந்த உலோகப் பெட்டிகளுக்கு பேலஸ்ட் என்று பெயராம். எஞ்சின் சூடும் மழைத்தண்ணீரும் படாத இடமாகப் பார்த்து இரண்டு பக்கமும் முடுக்கினார். பேட்டரியிலிருந்து தடித்த வயர், நடுவில் ஃப்யூஸ், பிறகு ரிலே. பழைய வயரில் நேராகக் கொடுத்தால் உருகிவிடுமாம். பழைய வயர் இனிமேல் உத்தரவு மட்டும் கொடுக்கும், பளு எல்லாம் புது வயருக்கு என்றார். வாழைநார் முடிச்சை ஒட்டிப் போகாமல் வேறு பக்கமாகச் சுற்றி எடுத்தார். எதிர்ச் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டு, வெளிச்சம் அதற்கு மேலே ஏறாதபடி இறக்கி வைத்தார்.

"ஒண்ணு கேட்டுக்க. இது பழைய பல்பு மாதிரி இல்ல. சுவிட்சைப் போட்டதும் எரியாது. மெல்ல நீலமா வந்து, அப்புறந்தான் வெள்ளையாகும். அணைச்சு அணைச்சுப் போடாத. சூடா இருக்கறப்ப அணைச்சா திரும்பப் பத்த நேரமாகும். அப்படியே பண்ணுனா பேலஸ்ட்டு போயிடும். வெளங்குதா?"

தலையாட்டினேன். பழைய பல்புகளைத் தினசரித் தாளில் சுற்றிக் கொடுத்தார். டாஷ்போர்டில் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

அணைத்து அணைத்துப் போடாதே என்றாரே, அதைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கரை ரோட்டில் வந்தால், வாய்க்காலுக்குத் தண்ணீர் பிரிகிற மதகு ஒன்று உண்டு. அங்கேதான் எங்கள் ஊருக்குத் திரும்ப வேண்டும். மதகடியில் வண்டியின் மூக்கு எங்கள் வீட்டைப் பார்த்து நிற்கும். நடுவில் வயல்தான், மறைப்பே கிடையாது. அவர் இங்கே இருந்த காலத்தில், இலை ஏற்றிவிட்டு வரும்போது மதகடியில் ஹெட்லைட்டை இரண்டு தடவை அணைத்துப் போடுவார். நான் வாசல் பல்பை இரண்டு தடவை அணைத்துப் போடுவேன். வந்துவிட்டேன் என்று அது, தெரியும் என்று இது. பிறகு தோசைக்கல்லை அடுப்பில் வைப்பேன். அவர் வண்டியை நிறுத்தி, கால் கழுவி உள்ளே வருவதற்கும் முதல் தோசை வேகுவதற்கும் சரியாக இருக்கும். போன் இருக்கிறதே, போனில் சொன்னால் என்ன என்று மகள் கேட்பாள். போனில் சொல்லலாம்தான். இது வேறு.

நான் வண்டி ஓட்ட ஆரம்பித்த பிறகும் மதகடியில் கை தானாக சுவிட்சுக்குப் போகும். இரண்டு தடவை அணைத்துப் போடுவேன். பதில் போட வீட்டில் யார் இருக்கிறார்கள்? இருந்தாலும் போடாமல் திரும்ப முடியவில்லை. மங்கிய மஞ்சள் வெளிச்சம் வயலில் பாதி தூரம்கூடப் போகாது. அதற்கு அப்பால் வீடு ஒரு கறுப்பு நிழலாகத் தெரியும். உள்ளே யாரோ இருக்கிறார்கள், ஏதோ கைவேலையாய் இருக்கிறார்கள், இதோ வாசல் பல்பைப் போடப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டே ஓட்டிவிடுவேன். பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் அந்த நினைப்பில்தான் வீடு வந்து சேர்ந்துகொண்டிருந்தேன்.

அன்றும் விளக்கு வைக்கிற நேரத்தில் மதகடிக்கு வந்தேன். தூறல் நின்றிருந்தது. நடவு முடிந்த வயலில் தண்ணீர் தளும்பிக் கிடந்தது. அண்ணன் சொன்னது காதில் இருந்தது, கை கேட்கவில்லை. ஹை பீமில் வைத்து அணைத்துப் போட்டேன், இன்னொரு தடவை அணைத்துப் போட்டேன்.

லைட் வரவில்லை.

சுவிட்ச் போட்டபடிதான் இருந்தது. முன்னால் ஒன்றும் எரியவில்லை. ரோடு இல்லை, வயல் இல்லை. தவளைச் சத்தமும் மதகில் தண்ணீர் விழுகிற சத்தமும் மட்டும்தான். ஆசையாய் அனுப்பியதை மாட்டின அன்றைக்கே கெடுத்துவிட்டேனே என்று என்னையே திட்டிக்கொண்டேன். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். பிறகு இடது பக்கம் ஊதாவாக ஒரு பொறி. வலது பக்கமும். நீலமாகி, மெல்ல வெளுத்து, வயல் தண்ணீர்மேல் ஊர்ந்து போய், வரப்பு வரப்பாக ஏறி இறங்கி, கடைசியில் எங்கள் வாசலில் போய் நின்றது.

எல்லாம் தெரிந்தது. காலையில் கொடியில் மறந்துவிட்டுப் போன என் துண்டு தெரிந்தது. எரியாத வாசல் பல்பு தெரிந்தது. கதவு தெரிந்தது. கதவில் பூட்டு மின்னியது.

என்னை நானே ஏமாற்றிக்கொள்ள இனிமேல் இருட்டு இல்லை. வாய்விட்டு அழுதேன். ஆள் நடமாட்டம் இல்லாத இடம், எனக்கு வெட்கம் இல்லை. அழுது முடிந்ததும் போனை எடுத்து வீடியோ காலில் அவரைக் கூப்பிட்டேன்.

உடனே எடுத்தார். லாரியைக் கழுவிக்கொண்டிருந்தார் போல. பின்னால் வெயில் இன்னும் இருந்தது.

"மேரி! மாட்டியாச்சா? பகல் மாதிரி இருக்கா?"

"பகல் மாதிரிதாங்க இருக்கு."

"எங்க நிக்கிற?"

"மதகடியில."

தண்ணீர்க் குழாயை மூடினார். பிறகு மெதுவாக, "அணைச்சுப் போட்டியா?" என்றார்.

"போட்டேன்."

"இதுல அதெல்லாம் கூடாதும்மா. பேலஸ்ட்டு போயிடும். அமிர்தலிங்கம் சொல்லலியா?"

"சொன்னாரு. இருந்தாலும் தினமும் போடுவேன். போனாப் போவட்டும். போச்சுன்னா நீங்க வந்து மாத்துங்க."

அவர் சிரிக்கப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பு பாதியில் நின்றது.

"என்ன மேரி?"

"லைட்டு நல்லாத்தாங்க இருக்கு. இங்கேருந்து வீட்டுப் பூட்டு தெரியுது. முந்தி தெரியாது. உள்ள ஆள் இருக்கறதா நெனச்சுக்கிட்டே வந்துடுவேன். இப்ப நெனைக்க முடியல." நிறுத்தினால் மறுபடி வீம்பு வந்துவிடும் என்று நிறுத்தாமல் சொன்னேன்: "நான் லைட்டு கேக்கலீங்க. உங்களைத்தான் கேட்டேன். வந்துடுங்க."

சொல்லிவிட்டேன். இத்தனை நாளாக வாய்க்குள் வைத்து அரைத்துக்கொண்டிருந்ததை ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். போனில் அவர் முகம் நகர்ந்து, லாரிச் சக்கரம் தெரிந்தது, வானம் தெரிந்தது, திரும்ப முகம் வந்தது. கண்ணைத் துடைத்திருந்தார்.

"நீதான் 'உங்க இஷ்டம்'னியே."

"அப்படிச் சொன்னா வேணாம்னு அர்த்தம். உங்களுக்குத் தெரியாதா?"

"அங்க இருந்தா மூஞ்சியப் பாத்துத் தெரிஞ்சுக்குவேன். இந்தப் போன்ல ஒண்ணும் தெரியல மேரி. நீயே வண்டி ஓட்டுற, நீயே இலை ஏத்துற, ஊரே உன்னைப் பத்திப் பேசுது. நான் இல்லாம உனக்குப் பழகிடுச்சுன்னு நெனச்சேன். நான் அங்க வந்து என்ன செய்யப் போறேன்னு நெனச்சேன்."

எனக்கு ஒரு வீம்பு என்றால் இவருக்கு ஒரு பயம். இந்த இரண்டும் எத்தனை நாளாக வீடியோ காலில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கின்றன.

"கையெழுத்துப் போட்டுட்டீங்களா?"

"இல்ல. பேப்பரு பெட்டிக்குள்ள கெடக்கு. போட மனசு வரல."

"போடாதீங்க."

"சரி."

"சரின்னா?"

"சரின்னா வர்றேன். இந்தக் கான்ட்ராக்ட்டு முடிஞ்சதும் வந்துடறேன். நம்ம பொண்ணு படிப்புக்கு ரெண்டு பேரும் சேந்து எலை அறுப்போம், வா." பிறகு, ஏதோ ஞாபகம் வந்தவர் மாதிரி கேட்டார்: "பழைய பல்பு எங்க?"

"டாஷ்போர்டுல இருக்கு. பேப்பர்ல சுத்தி."

"தூக்கிப் போட்டுடாத. நான் வந்து அதையே மாட்டிடறேன். இதுல அணைச்சுப் போட முடியாதுல்ல."

எர்த் போல்ட்டின் கதையை அப்போது நான் சொல்லவில்லை. அது அவர் வந்த பிறகு, பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, வாழைநாரையும் காட்டிச் சொல்லி, நாள் முழுக்கக் கேலி பண்ணுவதற்கு.

வண்டியை வாசலில் நிறுத்திப் பூட்டைத் திறந்தேன். கொடியில் கிடந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டேன். தோசைமாவு இருக்கிறதா என்று பார்க்க உள்ளே போனவள், நிலைப்படியிலிருந்து திரும்பி மதகடியைப் பார்த்தேன். அங்கே யாரும் இல்லை. இருந்தாலும் வாசல் பல்பை இரண்டு தடவை அணைத்துப் போட்டேன்.